தெரியும்ல, சொல்லு!

போன சனிக்கிழமை காலையில் ஏறிய எரிச்சல் இன்னும் இறங்கவில்லை. நாலு வயதுப் பேத்தியைத் தமிழ்க் கதை நேரத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். சிங்கப்பூரில், எங்கள் புக்கிட் மேரா பக்கம்தான். எந்த இடம் என்று கேட்காதீர்கள். வரும் சனிக்கிழமையும் நான் அங்கே போயாக வேண்டும்.

பாயில் பதினைந்து பிள்ளைகள். பின்னால் முப்பது பெரியவர்கள். கதை சொல்லும் அம்மா ஒரு படத்தைத் தூக்கிக் காட்டி, "இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்?" என்றார். "யானை!" என்று அறை அதிர்ந்தது. அத்தனையும் கட்டைக் குரல்.

நீங்களும் இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான், மறைக்காதீர்கள். பிள்ளையின் காதருகே குனிந்து "யா... யா..." என்று எடுத்துக் கொடுப்பது, அது முழிக்க முழிக்க "தெரியும்ல, சொல்லு!" என்று முதுகில் இடிப்பது, பிறகு பக்கத்து ஆளிடம் "வீட்டுல கடகடன்னு சொல்லும், இங்க வெட்கம்" என்று சமாளிப்பது எல்லாம் நமக்குக் கைவந்த கலை. குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1988இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். படப்புத்தகத்தை நாமே வாசித்துத் தள்ளாமல், கேள்வி கேட்டு, பிள்ளையைப் பேசவிட்டு, அது சொன்னதோடு ஒன்றிரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொன்னால் ஒரே மாதத்தில் அதன் பேச்சில் முன்னேற்றம் தெரிகிறதாம். நடுவில் 'பிள்ளையைப் பேசவிட்டு' என்று வருகிறதே, அங்கேதான் நம் வண்டி நிற்கிறது.

அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஓர் உரலைப் பற்றி ஒரு வார்த்தை.

யானை போனதும் எழுத்து அட்டைகள் வந்தன. அணில், சரி; எங்கள் புளோக்குக்குக் கீழேயே ஓடுகிறது. ஆடு, பிரியாணியில் பழக்கம். இலை, ஈ, இரண்டும் சாப்பாட்டுக் கடையில் உண்டு. அடுத்து உ. உரல்.

"தாத்தா, இது டாய்லெட்டா?"

"இல்லம்மா, உரல். உலக்கையால இதுலதான் இடிப்பாங்க."

"உலக்கைன்னா?"

"உரல்ல இடிக்கிறது."

"எதை இடிப்பாங்க?"

"நெல்லை."

"நெல்லுன்னா?"

"அரிசிதான். சட்டை போட்டிருக்கும்."

"யார் போட்டுவிட்டாங்க?"

இதற்கு மேல் எனக்கும் தெரியாது. நானே உரலில் ஒரு பிடி நெல் குத்தியவனில்லை. மிளகாய் அரைக்க தேக்காவில் கஃப் ரோட்டு மில்லுக்கு நடந்தவன். வீவக வீட்டில் உலக்கையை எடுத்து ஓங்கினால் கீழ்வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுவார். பிறகு ஏன் உரல்? உண்டியல் இல்லையா? உளுந்து வடை இல்லையா? உடும்பு இல்லையா? இந்த ஊர்க் கால்வாய் ஓரங்களில் உடும்பு வெயில் காய்கிறது, பிள்ளைகள் தினம் பார்க்கிறார்கள். அதற்கு மட்டும் அட்டையில் இடமில்லை. 247 எழுத்துகள் வைத்திருக்கிறோம், படம் போட உட்கார்ந்தால் தாத்தாவின் தாத்தா வீட்டுப் பின்கட்டைத்தான் துழாவுகிறோம். ஔவையாரைப் பாருங்கள். ஓய்வு வயதெல்லாம் தாண்டியும் ஒற்றை ஆளாக ஓர் எழுத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார்.

சரி, உரலை விடுகிறேன். கதைக்கு வருவோம்.

அன்று சொன்னது எங்கள் புக்கிட் மேராவுக்கு, அதாவது சிவப்புக் குன்றுக்கு, பெயர் வந்த கதை. 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் நூலில் வேர் உள்ள கதைதான். கடற்கரையில் வாள்மீன்கள் கூட்டமாகப் பாய்ந்து ஆட்களைக் குத்திக் கொல்கின்றன. அரசர் வீரர்களையே வேலியாக நிறுத்த, அவர்களும் சாகிறார்கள். "இப்ப என்ன செய்யலாம்?" என்று அந்த அம்மா பிள்ளைகளைக் கேட்டார். நல்ல கேள்வி. ஒரு பையன் வாயைத் திறந்தான். அதற்குள் அவன் அப்பா, "வாழைமரம்!" என்றார். கதையில் அந்த யோசனையைச் சொன்னது ஒரு சின்னப் பையன். கரையில் வாழைமரங்களை வரிசையாக நட்டு வைக்க, மீன்களின் மூக்கு அதில் சிக்கிக்கொள்கிறது. "அரசர் ரொம்ப சந்தோஷப்பட்டார், கதை முடிஞ்சுது" என்று புத்தகத்தை மூடினார் அந்த அம்மா.

சும்மா இருந்திருக்கலாம். "எங்க முடிஞ்சுது? இவ்வளவு புத்தி ஆபத்துன்னு அந்தப் பையனைக் கொன்னுட்டாங்க. அந்த ரத்தத்துலதான் குன்று சிவந்துச்சு!" என்றேன், அதே கட்டைக் குரலில். மூன்று பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. முப்பது தலைகள் திரும்பின. பெரியவர்களை முந்திக்கொண்டு பதில் சொன்ன பிள்ளைக்கு இந்த ஊரில் நடந்தது அதுதானே? நாமே பதில் சொல்லிப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"அடுத்த வாரம் நீங்க வெளியிலயே உக்காருங்கப்பா" என்று மகள் சொல்லிவிட்டாள்.

திரும்பும் வழியில் கோப்பிக் கடை. கோப்பி வருவதற்குள் பேத்திக்கு அவசரம். கழிவறைக் கதவைத் திறந்ததும் கை நீட்டிக் கத்தினாள்:

"தாத்தா, உ! உரல்!"

திருத்த வாயெடுத்தேன். ஒயிட்ஹர்ஸ்டை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

"அப்படியா? அதுல என்ன இடிப்பாங்க?" என்று மட்டும் கேட்டேன்.