ஏழரைச் சாக்கடை: காரைக்கால் வீடுகளின் வடிகால் நோய்க்குறிகள் பற்றி ஓர் ஆய்வு

காரைக்கால் என்ற பெயருக்குச் சொல்லப்படும் பொருள்களில் ஒன்று, சுண்ணாம்புக் காரை பூசிக் கட்டிய வாய்க்கால் என்பது. காரை ஒரு முட்செடியின் பெயரும்தான். ஆனால் செடிக் கட்சியின் பக்கம் சாய இவ்வாய்வாளருக்கு மனமில்லை. சாய்ந்தால் கட்டுரையே இல்லை. பெயரிலேயே வடிகாலைச் சுமக்கும் ஊரில் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொள்வது பெயர்ப்பொருத்தமே அன்றி வேறில்லை என்பது நம் முதல் துணிபு.

முன்னோர் இத்துறையில் சிக்கனம் காட்டிவிட்டார்கள். வள்ளுவர் 720-ஆம் குறளில் அங்கணத்தை, அதாவது சாக்கடையை, கொண்டுவருகிறார். அதில் அமிழ்தைக் கொட்டுவது வீண் என்பதோடு நிறுத்திக்கொண்டார். கொட்டிய அமிழ்து இறங்கியதா, தேங்கி நின்றதா என்று சொல்லவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கும் கருவி ஊருக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டரில், திருநள்ளாற்றுச் சனீஸ்வரனிடம் இருக்கிறது. சனிக்கு மந்தன் என்று ஒரு பெயர் உண்டு. மெல்ல நகர்பவன். ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு எடுத்துக்கொள்பவனுக்கும், ஒரு குண்டான் கழுநீரை விழுங்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் தொட்டிக்கும் உள்ள உறவை இதுவரை எந்தச் சோதிடரும் கவனிக்கவில்லை. ஏழரைச் சனிக்கு மூன்று கட்டம், அடைப்புக்கும் மூன்று.

முதலாவது விரயச் சனி. தண்ணீர் போகிறது, ஆனால் யோசித்துப் போகிறது. சோற்றுக் கஞ்சி, புளிச் சக்கை, வறுத்த எண்ணெய், மீன் செதில் எல்லாம் குழாயின் உட்சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழா முடிந்த வாரத்தில் நாரும் தோலும் சேரும். காரைக்கால் அம்மையார் கையில் வந்த கனி மாயமாய் மறைந்தது உண்மை. ஆனால் இந்த ஊரில் அப்படி மறைந்த மாங்கனி அது ஒன்றுதான். மற்றவை எல்லாம் குழாயில் இருக்கின்றன. இந்தக் கட்டத்தில் வேண்டியது ஒரு வாளி வெந்நீரும் ரப்பர் பம்ப்பும். வீட்டுத் தலைவர் செய்வதோ, “போகுதுல்ல?” என்று கேட்பது.

இரண்டாவது ஜென்மச் சனி. தொட்டி பேச ஆரம்பிக்கிறது. ‘களக், களக்’ என்பது பேய் அல்ல. பாதி அடைத்த குழாயில் இறங்கும் தண்ணீர், மூச்சுக்கு வழியின்றி ட்ராப் வழியே காற்றை இழுக்கிறது. ட்ராப் என்பது தொட்டிக்கு அடியில் வளைந்து, கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் குழாய். 1775-இல் அதைக் கழிப்பறைக்குப் பொருத்திக் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர். அந்தத் தண்ணீர் இழுபட்டுப் போனால் நாற்றம் வீட்டுக்குள் வரும். ஒரு விலக்கு: பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் இரண்டு வருடம் பூட்டிவைத்த வீட்டில் நாறினால் அது அடைப்பு ஆகாது. ட்ராப் காய்ந்திருக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். அதற்கு விமான நிலையத்திலிருந்தே பிளம்பருக்குப் போன் போடுபவர்களை எனக்குத் தெரியும்.

யாரை எப்போது கூப்பிடுவது என்பதற்கு இங்கே ஒரு சோதனை. தொட்டி மட்டும் நின்றால் அது தொட்டியின் சொந்த ஜாதகம். வாஷிங் மெஷின் தண்ணீரை விடும்போது குளியலறைத் தரையில் நுரை எட்டிப் பார்த்தால், அது வீட்டின் ஜாதகம். அடைப்பு வெளிக்குழாயிலோ சேம்பரிலோ இருக்கிறது. ரப்பர் பம்ப்பால் பரிகாரம் இல்லை, ஆளைக் கூப்பிட வேண்டும். எதிர்வீட்டிலும் அப்படியே என்றால் நகராட்சியை. ஐப்பசி, கார்த்திகையில் தெருச் சாக்கடையே அசையாமல் நின்றால், கடல் தண்ணீரை வாங்கவில்லை என்று பொருள். அரசலாற்று முகத்தில் ஏற்றம் இறங்க ஆறு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் எந்தப் பிளம்பர் வந்தாலும் காபி குடிக்கத்தான் முடியும்.

ஆசிட் ஊற்றிவிட்டு, போதாதென்று பிளீச்சிங் பவுடரையும் போடும் மரபு ஒன்று உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரு அருகே பிரெஞ்சுப் படைகள்மீது ஜெர்மானியர் விட்ட வாயு அதுதான். பிரெஞ்சு மண்ணாக இருந்த ஊர் அதை மறுபடி முகர வேண்டியதில்லை.

இன்னொன்றை விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டும். செப்டிக் டேங்கில் ஆளை இறக்கக் கூடாது. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டையாக நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டதே என்று இறங்கியவர்கள் திரும்பவில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுக்கிறது. லாரியை வரச் சொல்லுங்கள்.

மூன்றாவது பாதச் சனி. பெயரே போதும். கால் நனையும். நளன் கால் கழுவியபோது குதிகாலில் தண்ணீர் படாத இடம் பார்த்துச் சனி பிடித்தது என்பது கதை. நம் வீடுகளில் தண்ணீர் பட்ட இடத்தில் பிடிக்கிறது. இத்தனை வேறுபாட்டை நளாயினி காலத்திலிருந்து யாரும் கவனிக்கவில்லை என்று எழுதி, நளாயினி வேறு ஆள் என்று நினைவு வந்து, அடித்துவிட நேரமில்லாமல் விட்டிருக்கிறேன்; காரணம், அந்த நேரத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் கணுக்கால் அளவு தண்ணீர்.

பிளம்பர் தம்பி வந்தார். சேம்பர் மூடியைத் தூக்கி, ஸ்பிரிங் கம்பியை விட்டுத் திருகினார். தேங்காய் நார், செதில், பிறகு ஒரு தேக்கரண்டி. கையிலெடுத்துப் பார்த்தார்.

“சார், தொட்டி வாயில ஜாலி இருக்குமே, அதைக் காணோம்?”

ஆறு மாதம் முன்பு, தண்ணீர் மெதுவாகப் போகிறதே என்று அதை ஒருவர் கழற்றி ஜன்னலில் வைத்திருந்தார். வீட்டம்மா ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திருநள்ளாற்றுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க இவ்வாய்வாளர் அப்போது வாசலுக்குப் போய்விட்டிருந்தார்.