போல்ட்டா வெல்டான்னு கேட்டு வந்த மாப்ளைக்கு

நல்ல கேள்விதான் மாப்ள. ஜிம்னிய ரெண்டு இஞ்சு தூக்கறதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட. டயர பெருசா போடறதுன்னும் நீயே முடிவு பண்ணிட்ட. காசயும் எண்ணிக் குடுத்துட்ட. இப்ப பிராக்கெட்ட மட்டும் போல்ட்டுல மாட்டறதா, வெல்டு வைக்கறதான்னு இந்தக் கெழவன கேக்க வந்திருக்கிற. பெரியவங்க சொல்லத் தட்டாத புள்ள நீ.

தூக்கத்தான் வேணும், வேற வழியில்ல. விருத்தாசலத்துல இருந்து நெய்வேலிக்கு வேலைக்குப் போற ரோட்டுல எத்தன மல, எத்தன காட்டாறுன்னு எனக்கு தெரியாதா? கம்பெனிக்காரன் 210 மில்லிமீட்டரு கிரவுண்டு கிளியரன்ஸு குடுத்து வுட்டிருக்கான். மந்தாரக்குப்பத்து ஸ்பீடு பிரேக்கருக்கு அது எப்பிடி பத்தும்? சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு விடியறதுக்குள்ள ஆளுங்கள ஏத்திக்கிட்டு போறானுவளே, அந்த ஜீப்புல ஏறியிருக்கியா? பாதிக்கு மேல பழைய மகேந்திரா, பட்டை ஸ்பிரிங்கு. ரோடுன்னு பேரு, பாறதான் கெடக்குது. அவனுவோ லிப்டு கிட்டும் தேடல, பிராக்கெட்டும் தேடல. தெனம் போய்ட்டு வரானுவோ. வெவரம் பத்தாத பசங்க, வுடு.

சரி, பிராக்கெட்டு எதுக்குன்னு தெரிஞ்சிதான் வாங்குனியா? கடைக்காரன் படம் காட்டுனான், செவப்பு பெயிண்டு பளபளன்னு இருந்திச்சி, அதான? கேளு. ஒன் வண்டிக்கு முன்னாலயும் பின்னாலயும் முழு ஆக்ஸிலு, காயில் ஸ்பிரிங்கு. முன் ஆக்ஸில ரெண்டு கையி பின்பக்கமா போயி சேசுல புடிச்சிக்கிட்டு நிக்கிது. குறுக்க ஒரு ராடு, ஒரு முனை சேசுல, ஒரு முனை ஆக்ஸில்ல. நீ ஸ்பிரிங்க ஒசத்தி மாட்டுனா சேசு மேல போவுது, ஆக்ஸிலு தரையிலதான் இருக்குது. அப்ப அந்த ரெண்டு கையும் சாஞ்சி, ஆக்ஸில கொஞ்சம் உருட்டி வுட்டுடும். ஸ்டீரிங்க வளைச்சிட்டு வுட்டா அதுவா நேருக்கு வரணும்னு கம்பெனிக்காரன் ஒரு சாய்வு வச்சிருக்கான், கேஸ்டருன்னு பேரு. அது கொறைஞ்சி போவும். 80-ல போறப்ப வண்டி அதுவா ரோட்டுல எடம் தேடும். குறுக்கு ராடும் செங்குத்தா சாயும். சாஞ்சா அதோட நீட்டம் பத்தாம, ராடு சேசுல எந்தப் பக்கம் மாட்டியிருக்குதோ அந்தப் பக்கமா ஆக்ஸில இழுத்துக்கும். பின்னால வர்றவன் பாத்தா ஒன் வண்டி கொஞ்சம் ஒருக்களிச்சி போவுறது தெரியும்.

இத சரி பண்ணத்தான் பிராக்கெட்டு. கையோட சேசு முனைய கீழ எறக்கி வைக்கிற எரும்புத் துண்டு. இப்ப யோசிச்சிப் பாரு மாப்ள: கல்லுல இடிக்கக் கூடாதுன்னு காசு குடுத்து வண்டிய மேல தூக்குற, அப்பறம் இன்னொரு காசு குடுத்து ஒரு எரும்ப கீழ தொங்க வுடுற. முன்னால இடிக்காத கல்லு இனிமே அதுலதான் இடிக்கும். ஒன் தாராள மனசு யாருக்கு வரும்?

ஒரு இஞ்சோட நின்னுக்கறன்னா இந்தப் பஞ்சாயத்தே இல்ல. ஓட்டைய நடுவுல வுடாம ஓரமா வச்ச புஷ்ஷு இருக்குது, அத மாத்துனா கேஸ்டரு திரும்பிடும். குறுக்கு ராடு மரையில நீட்டிக் கொறைக்கிற மாதிரி கெடைக்கிது. ஆனா ஒரு இஞ்சு தூக்குனா ஒன் சேக்காளிவோ கண்ணுக்குத் தெரியாதே. அதுக்கு எதுக்கு செலவு பண்ணணும்? நீ சொல்றதும் ஞாயம்தான்.

அதனால போல்ட்டுக்கு வருவம். போல்ட்டுல மாட்டற பிராக்கெட்டு கெட்டிக்காரத்தனமானது. கம்பெனி ஓட்டையிலயே ஒக்காரும், சேசுக்கு சூடு காட்ட வேணாம், புடிக்கலன்னா கழட்டிடலாம், கீறல் வுட்டிருக்குதான்னு கழட்டிப் பாக்கலாம். ஆனா ஒனக்கு ஒரு நெனப்பு இருக்குது, போல்ட்டுதான் பாரத்த தாங்குதுன்னு. போல்ட்டு செய்யற வேல ரெண்டு தகட்டையும் சேத்து நெருக்கறது. அந்த நெருக்கத்துல தகடு தகட்ட புடிச்சிக்கிட்டு நகராம நிக்கிது. நெருக்கம் எளகுச்சின்னா போல்ட்டு ஓட்டைக்குள்ள ஆட ஆரம்பிக்கும். பிரேக்க அமுக்கறப்ப ஒரு டிக், எடுக்கறப்ப ஒரு டிக். ரேடியோ சத்தமா வச்சிருப்ப, கேக்காது. நாலு மாசத்துல உருண்ட ஓட்ட முட்ட மாதிரி ஆயிடும். அப்பறம் எத்தன முறுக்கு முறுக்குனாலும் நிக்காது.

போல்ட்டு தலையில நம்பரு இருக்குதான்னு பாரு. 8.8-ன்னு போட்டிருந்தா அது ஒரு மாதிரி, 10.9-ன்னா இன்னும் ஒசத்தி. நம்பரே இல்லாம மொழுக்குன்னு இருந்திச்சின்னா அது கேட்டுக்கு மாட்டறது. கடைக்காரன் 'இதுவும் ஸ்டீலுதாண்ணே'ன்னு சொல்லுவான். பொய் சொல்ல மாட்டான், அதுவும் ஸ்டீலுதான். பிராக்கெட்டும் சேசும் ஒக்காரற எடத்துல தடியா பெயிண்டு இருந்தா சொரண்டி எடு. பெயிண்டு நாளாவ நசுங்கும், நசுங்குன அளவுக்கு போல்ட்டு எளகும். சேசு பெட்டியா இருக்கற எடத்துல குறுக்க போல்ட்ட வுட்டு முறுக்குனா பெட்டி நசுங்குமே தவுர போல்ட்டு இறுகாது. உள்ள ஒரு குழா வெட்டிப் போட்டு அதுமேல இறுக்கணும். இத செய்யறவன் பட்டறைக்காரன். செய்யாதவன் கிட்ட பில்லு கொறைச்சலா இருக்கும், நீ அவன்கிட்டதான் போவ.

மாட்டி முடிச்சி முத நூறு கிலோமீட்டரு ஓட்டிட்டு, டார்க் ரெஞ்சு வச்சி மறுபடி முறுக்கிப் பாக்கணும். கையால இல்ல, காலால எகிறி மிதிக்கறதும் இல்ல. ஒவ்வொரு சர்வீசுக்கும் பாக்கணும். மணவாளநல்லூருல கொளஞ்சியப்பருக்கு பிராது எழுதிக் கட்டுனா ஞாயம் கெடைக்கும்னு நம்ம ஊருக்கே தெரியும். எளகுன நட்டு மேலயும் பிராது குடுக்கலாம்னு நீ நெனச்சா, அவரு கட்டாயம் வாங்கிக்குவாரு. முறுக்கறதுக்கு மட்டும் நீதான் படுத்து ஊரணும்.

இதெல்லாம் யாரு பாக்கறது, வெல்டு வச்சிட்டா தலவலி இல்லன்னு கணக்கு போட்டிருப்ப. அப்பிடி வா. வெல்டு வச்சது எளகாது, உண்ம. ஆனா எளகாததுக்கு ஒரு கொணம் உண்டு, முன்கூட்டி சொல்லாது. போல்ட்டு டிக்குன்னு கூப்புடும். வெல்டு அன்னைக்கித்தான் வாயத் தொறக்கும்.

நம்ம செராமிக் பேட்டையில பொம்மைக்கு கை ஒட்டறவங்க பக்கத்துல கொஞ்ச நேரம் ஒக்காந்து பாரு. ஒடம்பும் கையும் ஒரே ஈரத்துல இருக்கணும், அப்பத்தான் கரைச்ச மண்ணு தடவி ஒட்டுவாங்க. ஒடம்பு காஞ்சி போயி கையி ஈரமா இருந்தாலும் ஒட்டறப்ப அழகாத்தான் ஒட்டும். காயறப்ப கையி சுருங்கும், ஒடம்பு சுருங்காது. ஒட்டுன எடத்துல மயிரு கனத்துக்கு ஒரு கீறல் வுடும். பச்சையில கண்ணுக்கே தெரியாது, சூளைய பிரிக்கறப்ப கையி தனியா கெடக்கும். வெல்டும் அதேதான். உருகுன எடம் ஆறும்போது சுருங்கி இழுக்குது, சுத்தி சூடு படாத எரும்பு வளைஞ்சி குடுக்க மாட்டேங்குது. அந்த இழுபறி வெல்டு ஓரத்துலயே தங்கிடும். ஒடையறப்ப வெல்டு ஒடையாது மாப்ள, வெல்டுக்கு ஓரமா சேசு கிழியும். வெல்டு வச்சவன் வந்து பாத்துட்டு, 'பாருங்க, என் வேல அப்பிடியே நிக்கிது'ம்பான்.

அதனாலதான் சேசுக்கு குறுக்க கோடு கிழிக்கிற மாதிரி வெல்டு வைக்கக் கூடாதும்பாங்க. சேசு ஓடற நீட்டுவாக்குல வைக்கணும். தகடு வச்சி கெட்டிப்படுத்தறதா இருந்தா நாலு மூலையும் சதுரமா வெட்டாம சாய்சதுரமா வெட்டி வைப்பாங்க, பாரம் ஒரே கோட்டுல வந்து நிக்கக் கூடாதுன்னு. ராடு 6013-ஆ 7018-ஆன்னு கேளு. கேட்டு, கிரில்லு செய்யறவங்க கையில இருக்கறது பெரும்பாலும் 6013, அந்த வேலைக்கு அது நல்ல ராடுதான். 7018-க்கு பலம் சாஸ்தி, ஆனா ஈரம் ஆவாது. அடுப்புல வச்சி காய வச்சி சூட்டோட எடுக்கணும். ஐப்பசி மழையில சாக்கு மேல கெடந்த 7018-ஐ எடுத்து வெல்டு வச்சா, அந்த ஈரம் எரும்புக்குள்ள போயி ஒரு நாள் கழிச்சி கூட கீறல் வுடும். 'ராட காய வச்சீங்களாண்ணே'ன்னு கேட்டா ஒன்ன ஏற எறங்க பாப்பான். பாக்கட்டும், கேளு.

பேட்டரி கம்பிய கழட்டச் சொல்லு, இல்லன்னா வண்டியில இருக்கற கம்ப்யூட்டருக்கு கருமாதி. எர்த்து கிளிப்ப வெல்டுக்குப் பக்கத்துலயே கவ்வச் சொல்லு. தூரத்துல எங்கியோ கவ்வுனா கரண்டு பேரிங்கு வழியா போயி பேரிங்க சுட்டுடும். டீசல் டேங்கு... ஒன் வண்டி பெட்ரோலு இல்ல? அப்ப இன்னும் விசேஷம். ரப்பர் புஷ்ஷ கழட்டி வை. எல்லாம் முடிஞ்சி வெளிய பெயிண்டு அடிச்சிட்டு போட்டோ எடுத்துப் போடுவ. பெட்டிக்குள்ள, வெல்டுக்குப் பின்பக்கம், பெயிண்டு எரிஞ்சி வெறும் எரும்பு கெடக்குமே, அத யாரு பாத்தா? மணிமுத்தாத்துல தண்ணி வந்தா ஜிம்னிய எறக்கி வீடியோ எடுப்பன்னும் தெரியும். உள்ள மெழுகு அடிக்காம வுட்டா துரு அங்கதான் குடித்தனம் வைக்கும்.

ஒன் தோஸ்து ஒருத்தன் போன வாரம் வந்து, போல்ட்டும் போட்டு மேல வெல்டும் வச்சிட்டன், டபுள் ஸ்ட்ராங்குன்னான். கட்டிப் புடிச்சிப் பாராட்டுனன். வெல்டு ஒரு மயிரிழ கூட நகராது, போல்ட்டு ஓட்டைக்குள்ள கொஞ்சம் நகந்த பெறகுதான் பாரத்த வாங்கும். அதனால பாரம் மொத்தமும் வெல்டு தலையிலதான், போல்ட்டு வேடிக்க பாக்கும். வெல்டு போன பெறகு போல்ட்டுக்கு வேல வரும். அதுக்குள்ள சேசும் கூடவே போயிருக்கும்.

லாரிக்காரன பாரு, பத்து டன்னு கரும்ப ஏத்திக்கிட்டு போறான். அவன் ஸ்பிரிங்கு பிராக்கெட்டு சேசுல ரிவெட்டுலயும் போல்ட்டுலயும் நிக்கிது, ஆக்ஸிலு யூ போல்ட்டுல தொங்குது. சேசு வளைஞ்சி நெளியணும்னு விட்டு வச்சிருக்கான். ஒன் ஜிம்னி சேசுலயோ கம்பெனி வச்ச பிராக்கெட்டு பலதும் வெல்டுதான். ரெண்டு பேரும் முட்டாளு இல்ல. கம்பெனியில வெல்டு வைக்கிறது மிசினு, அதுக்கு தூக்கம் வராது, டீ குடிக்கப் போவாது, எத்தன ஆம்பியருன்னு அளந்து வைக்கிது. நம்ம பட்டறையில கரண்டு எறங்கி ஏறறதுக்கு ஏத்த மாதிரிதான் வெல்டு. நல்ல வெல்டரு நம்ம பக்கம் இல்லாம இல்ல, நெய்வேலி சுரங்கத்துல பெரிய மிசினுங்களுக்கு வெல்டு வச்சி கையி பழகுன ஆளுவோ இருக்காங்க. அவங்கள தேடிப் போயி, காத்திருந்து, கேட்ட கூலிய குடுக்கறன்னா வெல்டு வை. பேரம் பேசத் தோணுச்சின்னா போல்ட்டோட நில்லு.

இன்னொரு விசயம், காதோட வச்சிக்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, வண்டிய கம்பெனி கொடுத்த கணக்குக்கு மாறா மாத்தாதங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடிச்சி. அதே வருசம் சட்டத்த திருத்தி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூவா, இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள, ரெண்டும் சேத்தும் குடுக்கலாம்னு வச்சிருக்கான். மாத்தத்த ஒன்னு ஒன்னா எண்ணிப் பாக்கற அதிகாரிக்கு ஒன் வண்டி தீவாளி. போல்ட்டுன்னா கழட்டிப்புடலாம்னு கண்ண சிமிட்டுற. சிமிட்டு. ஆக்ஸிடெண்டு ஆச்சின்னா இன்சூரன்சுக்காரன் கண்ண சிமிட்ட மாட்டான்.

இத்தன கேட்டும் தூக்கறதுதான்னா, முன்கைக்கு கம்பெனி ஓட்டையில ஒக்காரற போல்ட்டு பிராக்கெட்டு வாங்கு. குறுக்கு ராட நீட்டிக் கொறைக்கறதா போடு. பிரேக்கு ஓசு நீட்டம் பத்துதான்னு சக்கரத்த தொங்க வுட்டுப் பாரு. வெல்டு வச்சே ஆவணும்னு ஒரு எடம் வந்தா, புள்ளி புள்ளியா ஒட்டி வச்சிட்டு, வண்டிய நாலு சக்கரத்துல நிறுத்தி, ரெண்டு பக்கமும் டேப்பு வச்சி அளந்து, சரியா இருந்தா முழுசா இழுக்கச் சொல்லு. ஜாக்கியில தொங்கறப்ப அளந்து வெல்டு வச்சா வண்டி எப்பவும் ஜாக்கியிலதான் நேரா நிக்கும்.

எல்லாம் சரியா செஞ்சி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போவ. ஒங்க அம்மாவுக்கு முட்டி வலி, என் தங்கச்சிதான, எனக்குத் தெரியும். மாசிமகத்துக்கு பழமலைநாதர் கோயிலுக்கு கூட்டிப் போறன்னு கதவ தொறப்ப. அது கால தூக்கிப் பாக்கும், எட்டாது, ஒன்னப் பாக்கும். மறுநா நீ பக்கவாட்டுல மிதிச்சி ஏற ஒரு படி வாங்கிட்டு வருவ. அது போல்ட்டா வெல்டான்னு கேட்டு இந்தப் பக்கம் வந்துடாத.