ஒட்டடைக் கம்புக்கு அறுகிற இழை

கேள்வி: சிலந்தி நூல் இரும்பைவிட உறுதி என்கிறார்கள். எங்கள் வீட்டு ஒட்டடைக் கம்பின் ஒரு வீச்சுக்கே அறுந்துவிடுகிறதே, யாரை நம்புவது? (வாசகர், தேனாம்பேட்டை)

பதில்: இருவரையும் நம்பலாம். சிலந்தி தொங்கி இறங்கும் இழையின் விட்டம் சுமார் 4 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் 250-இல் ஒரு பங்கு. அதன் இழுவலிமை ஏறத்தாழ 1 கிகாபாஸ்கல். வீடு கட்டப் போடும் எஃப்.இ. 500 முறுக்குக் கம்பியோ அதில் பாதியான 500 மெகாபாஸ்கலை ஒட்டி, திரும்ப முடியாதபடி நீளத் தொடங்கிவிடும். ஆனாலும் அந்த ஒற்றை இழை ஒன்றேகால் கிராம் சுமையில் அறுந்துபோகும். வலிமை என்பது தாங்கும் விசையைக் குறுக்குப் பரப்பால் வகுத்து வரும் எண். ஒட்டடைக் கம்பு வகுத்துப் பார்த்து அடிப்பதில்லை. ஆனால் "இரும்பைவிட" என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். எந்த இரும்பு? வீணைத் தந்தி போன்ற மெல்லிய உயர்ரக எஃகுக் கம்பி 2 கிகாபாஸ்கலைத் தாண்டக்கூடியது; பரப்புக்குப் பரப்பு பார்த்தால் அங்கே சிலந்தி தோற்கும். எடைக்கு எடை பார்த்தால் மறுபடி சிலந்திதான், ஏனென்றால் எஃகு அதைப்போல் ஆறு மடங்கு கனம். எதால் வகுத்தோம் என்று சொல்லாதவரை உறுதிக் கணக்கு எதுவும் முழுமையில்லை.

கேள்வி: மைக்ராஸ்கோப்பில் தடிமனைப் பார்த்து வகுத்துவிட வேண்டியதுதானே? இதற்கு ஏன் இத்தனை பாடு? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: இழை உருண்டையாக இருந்தால் அது போதும். பட்டுப்புழுவின் இழை குறுக்கே வெட்டினால் முக்கோணம், பருத்தி அவரை விதை, தேங்காய் நாருக்கு உள்ளே பொள்ளல். விட்டத்தை 10 சதவீதம் கூட்டிப் படித்தால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். அதனால்தான் நூல் தொழில் பரப்பை விட்டுவிட்டு எடையைப் பிடித்துக்கொண்டது: 1,000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்பது டெக்ஸ், 9,000 மீட்டருக்கு டெனியர். நல்ல யுக்தி. ஆனால் நீளம் என்ற சிக்கல் அப்போதும் தீராது. ஜன்னல் வெட்டிய அட்டையின் குறுக்கே ஓர் இழையை ஒட்டி, இயந்திரத்தின் பிடியில் மாட்டி, அட்டையின் ஓரங்களைக் கத்தரித்துவிட்டு இழுப்பார்கள். இழை நீளமானால் பலவீனமான இடம் ஒன்று அதில் சிக்கும் வாய்ப்பும் கூடும்; சங்கிலி அதன் நோஞ்சான் கண்ணியில்தான் அறும். பருத்தி நூலை வைத்து இதைக் கணக்காக்கியவர் எஃப்.டி. பியர்ஸ், 1926-இல்.

நீளத்துக்கு நீளம் எண் மாறும் என்றால் அளந்து என்ன பயன் என்று நீங்கள் கேட்பது நியாயம். திருவனந்தபுரம் வட்டார ஆய்வுக்கூடத்தில் கே.ஜி. சத்யநாராயணாவும் உடன் பணியாற்றியவர்களும் 1980-களில் தேங்காய் நாரையும் வாழை நாரையும் இழுத்துப் பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பாருங்கள்: ஆளி நார் சுமார் மூன்று சதவீதம் நீண்டதும் அறுகிறது. தேங்காய் நாரோ 30 சதவீதம்கூட நீளும். காரணம் உள்ளே இருக்கிறது. தேங்காய் நாரில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் அச்சுக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து சுருள்கின்றன. ஆளியில் சாய்வு 10 பாகைதான். இழுக்கும்போது அந்தச் சுருள் நிமிர்ந்த பிறகே நார் அறுகிறது. வலிமையில் பின்தங்கிய தேங்காய் நார், திடீர் இழுப்பைத் தாங்கும் கயிற்றுக்கு ஏன் உகந்தது என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. ஒரே நாரை இழுத்து இதைக் கண்டிருக்க முடியாது. ஒரே வகையில் பல நார்களை, ஒரே நீளத்தில் எடுத்து, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால் ஒப்பிடலாம். சராசரி மட்டும் போதாது.

கேள்வி: மழைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (வாசகர், அடையாறு)

பதில்: நிறைய. நனைந்த பருத்தி வலுக்கூடும், நனைந்த பட்டு வலுக்குறையும். உங்கள் பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோலின் ஆதாரமான கொலாஜன் இழை ஈரத்தில் வளைந்து கொடுக்கும், காய்ந்தால் விறைத்துவிடும். ஆகவே துணி, நூல் சோதனைகளுக்கு இந்தியத் தரநிர்ணயம் 27 பாகை வெப்பத்தையும் 65 சதவீத ஈரப்பதத்தையும் விதித்திருக்கிறது. நவம்பர் மழையிலும் மே வெயிலிலும் ஜன்னலைத் திறந்து வைத்து ஒரே பட்டை அளந்தால் இரண்டு பட்டாகத் தெரியும்.