எல்லை பத்திரம், கரையைத்தான் காணோம்

இந்தியாவின் கடற்கரை வளர்ந்துவிட்டது. பல காலமாகப் பள்ளிப் புத்தகம் 7,516 கிலோமீட்டர் என்று சொல்லித் தந்தது. இப்போது உள்துறை அமைச்சகத்தின் கணக்கில் 11,098 கிலோமீட்டர். ஒரு சட்டி மண் கொட்டவில்லை. ஒரு கல் போடவில்லை. நாடு மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டுவிட்டது. எழுபதுகளில் சின்ன வரைபடத்தை வைத்து அளந்தார்களாம். இப்போது பெரிய வரைபடம், ஒவ்வொரு வளைவும் நெளிவும் கணக்கில் வருகிறதாம். கேரளத்தின் பங்கும் 569-லிருந்து 600-க்கு ஏறியிருக்கிறது. கணக்கு சரியாகவே இருக்கட்டும். பொழியூர்க்காரரிடம் மட்டும் போய் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

அவர் வீடு இருந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது.

பொழியூர், நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடி. அதைத் தாண்டினால் தமிழ்நாட்டு நீரோடி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி டெல்லி இழுத்த கோடு நடுவில் ஓடுகிறது. கல்குளமும் விளவங்கோடும் அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் என்று மனிதர்களைப் பிரித்தாயிற்று. கடல் நீரோட்டத்துக்கு அரசாணை அனுப்ப மறந்துவிட்டார்கள். தெற்கே தூண்டில் வளைவு போட்டு மணலைத் தடுத்தது தமிழ்நாடு. கோட்டுக்கு வடக்கே தெற்குக் கொல்லங்கோட்டில் கரை கரைந்தது, சாலை போனது, வீடுகள் விழுந்தன. கேரளம் தமிழ்நாட்டைக் கை காட்டியது. டெல்லி இரண்டு மாநிலங்களையும் கை காட்டியது. கடல் யாரையும் கை காட்டவில்லை. அது பாட்டுக்கு வேலையைப் பார்த்தது.

அந்நியன் ஒரு சென்ட் நிலத்தைப் பிடித்தால் போர். கடல் ஒரு தெருவையே பிடித்தால் மனு. மனுவை மூன்று நகல் எடுத்து, வில்லேஜ் ஆபீசில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

எல்லையைக் காப்பதில் அரசு சும்மா இருக்கிறது என்று யாரும் வாய் திறக்க முடியாது. 2008 நவம்பரில் பத்துப் பேர் கடல் வழியாக மும்பைக்குள் நுழைந்தார்கள். அடுத்த மாதமே என்.ஐ.ஏ. சட்டம் வந்தது, உபா சட்டம் இறுகியது. பின்னாலேயே முதல் கட்டமாக 46 ரேடார் நிலையங்கள், கடலோரக் காவல் நிலையங்கள், ஆண்டுதோறும் சாகர் கவச் ஒத்திகை. 2021-இல் பஞ்சாபிலும் வங்கத்திலும் அசாமிலும் எல்லைப் பாதுகாப்புப் படையின் கை 15 கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு நீண்டது. 2025 செப்டம்பர் முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம். பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தால் ஐந்து வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். அந்த 50 கிலோமீட்டரைப் பொழியூருக்கு வடக்கே உள்ள கோட்டுகால் கரையிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக அளந்து பாருங்கள். நெய்யாற்றின்கரை வரும், பாறசாலை வரும், திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகமும் வரும். அங்கே ஒரு சோதனை போட்டால் ஊர்க்காரர்களின் தொலைந்த மனுக்களாவது கிடைக்கும்.

மும்பை விவகாரத்தில் ஒரு விவரத்தை எல்லோரும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். வந்தவர்கள் முதலில் கொன்றது குபேர் படகில் இருந்த மீனவர்களை. கரையில் இறங்கியபோது முதலில் பார்த்து 'யாரப்பா நீங்கள்' என்று கேட்டவர்களும் மீனவக் குப்பத்துக்காரர்கள்தான். ரேடார் இல்லாமல், சட்டம் இல்லாமல், சம்பளம் இல்லாமல் கேட்டார்கள். அதற்கு அரசு செய்த மரியாதை என்ன? நாடு முழுக்க மீனவனின் ரேகையைப் பிடித்து, படம் எடுத்து, கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டது. திருடனைக் காட்டிக் கொடுத்தவனின் வீட்டில்தான் முதல் சோதனை.

கோட்டுகால் பஞ்சாயத்தின் அடிமலத்துறையில் விடிவதற்கு முன்னால் வள்ளம் தள்ளுகிறவர்களிடம் அந்த அட்டை இருக்கும். உப்புத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடியில் செருகியிருப்பார்கள். எங்கேடே என்று கேட்டால் கடலுக்குத்தான் சாரே என்பார்கள். வேறு எங்கே போவார்கள்? வலையும் கயிறும் இழுத்து இழுத்து ரேகை தேய்ந்த கட்டைவிரல் அது. கருவியில் வைத்தால் சில நேரம் 'பொருந்தவில்லை' என்று வரும். முப்பது வருடம் கடலில் கிடந்தவன் தன் கரையிலேயே நான் நான்தான் என்று நிரூபிக்க விரலைத் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறோம்.

அந்தத் தொழில்நுட்பம் 2017 நவம்பர் 29-ஆம் தேதி எங்கே போயிருந்தது? ஒக்கி புயல் வந்தபோது விழிஞ்ஞம், பூந்துறை, தூத்தூர், வள்ளவிளை ஆட்கள் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை வந்து சேர்ந்தபோது கேட்க வேண்டியவர்கள் கரையில் இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவே இல்லை. தேடுங்கள் என்று தாய்மார்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். கடைசியில் தேட இறங்கியவர்களில் பலர் ஊர்க்காரர்கள், சொந்தப் படகில், சொந்தச் செலவில். வெளியிலிருந்து ஓர் ஆள் உள்ளே வந்தால் பார்க்க 46 கண்கள். உள்ளேயிருந்து வெளியே போனவனைப் பார்க்க ஒரு கண்கூட இல்லை. அது எல்லைப் பாதுகாப்பில் சேராதாம். அது 'பேரிடர்', வேறு துறை, வேறு கட்டடம்.

அடுத்த ஆண்டே, 2018 வெள்ளத்தில், இதே ஆட்கள் வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் பத்தனம்திட்டைக்கும் போனார்கள். கூரை மேல் நின்றவர்களை இறக்கினார்கள். கேரளத்தின் சொந்தப் படை என்று முதலமைச்சரே மெச்சினார். மாலை போட்டார்கள், மேடை போட்டார்கள். 2022-இல் அந்தப் படை விழிஞ்ஞம் துறைமுக வாசலில் முல்லூரில் உட்கார்ந்தது. கட்டுமானத்தால் கரை போகிறது, ஆராய்ந்து சொல்லுங்கள், அதுவரை நிறுத்துங்கள் என்றது. வலியதுறையில் வீடிழந்த குடும்பங்கள் அப்போதும் சிமென்ட் கிடங்கில் குடியிருந்தன. காரணம் துறைமுகமே இல்லை என்றது அரசு. துறைமுகத்தைக் கட்டிவந்த அதானி நிறுவனம் மத்தியப் படை வேண்டும் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வரட்டும், ஆட்சேபணை இல்லை என்று டிசம்பரில் மாநில அரசு சொன்னது. ஆக, 2018-இல் படை. 2022-இல் அந்தப் படையை அடக்க இன்னொரு படை. நடுவில் நான்கே வருடம். ஆட்சிகூட மாறவில்லை.

அபாயமே இல்லை என்று சொல்ல இதை எழுதவில்லை. 2020 ஜனவரி 8-ஆம் தேதி இரவு களியக்காவிளைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். 2021 மார்ச்சில் ரவிஹன்சி என்ற இலங்கைப் படகைக் கடலோரக் காவல்படை மடக்கி விழிஞ்ஞத்துக்கு இழுத்து வந்தது. 300 கிலோ ஹெராயின், ஐந்து ஏ.கே. 47 துப்பாக்கிகள். பிடித்தவர்களுக்கு ஒரு வணக்கம்.

அதே ஆண்டு செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் பிடிபட்டது 2,988 கிலோ. படகில் ஒளித்து வரவில்லை. இரவில் நீந்தி வரவில்லை. டால்கம் கல் என்று முறையாகக் காகிதம் எழுதி, கன்டெய்னரில், கப்பலில், கம்பீரமாக வந்தது. வருவாய்ப் புலனாய்வுத் துறை பிடித்தது. துறைமுகத்தை நடத்தும் அதானி குழுமம் ஓர் அறிக்கை விட்டது: பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. சட்டப்படி உண்மைதான். அடிமலத்துறைக்காரரின் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்க்க மட்டும் எல்லோருக்கும் அதிகாரம் இருக்கிறது. வள்ளத்துக்காரருக்கு அட்டை, ரேகை, விசாரணை. பெட்டிக்கு வரவேற்பு. விழிஞ்ஞத்தை நடத்துவதும் அதே குழுமம்தான்.

2025 மே 2-ஆம் தேதி பிரதமர் வந்து விழிஞ்ஞத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்த மாதம் முடிவதற்குள், 25-ஆம் தேதி, அங்கிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற லைபீரியக் கொடிக் கப்பல் மூழ்கியது. 640 பெட்டிகள், அதில் 13 ஆபத்தான சரக்கு. சில நாளில் திருவனந்தபுரம் கரையிலும் குமரிக் கரையிலும் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. ஜவ்வரிசி கொட்டியது போல. தன்னார்வலர்கள் குனிந்து மணலைச் சலித்தார்கள். மீன் வாங்க ஆள் இல்லை. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு அரசு ஆயிரம் ரூபாயும் ஆறு கிலோ அரிசியும் அறிவித்தது.

பாஸ்போர்ட், விசா, ரேகை எதுவும் இல்லாமல் இரண்டு மாநிலக் கரையிலும் இறங்கியது இந்தக் கூட்டம். வழக்கு? கப்பல் நிறுவனம் விழிஞ்ஞத்துக்கு வேண்டப்பட்ட வாடிக்கையாளர், இழப்பீட்டுக்கு வழி பார்ப்போம், கிரிமினல் வழக்கு இப்போது வேண்டாம் என்று அரசு யோசித்ததாகச் செய்தி கசிந்தது. முதல் தகவல் அறிக்கை போட்டது ஜூன் 11-ஆம் தேதி. பதினேழு நாள். அட்டை இல்லாமல் கடலுக்குப் போகிறவரைப் பதினேழு நாள் யோசித்துவிட்டா கேட்கிறார்கள்?

தரைப்பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? கொரோனாக் காலத்தில் பாறசாலைப் பக்கத்து ஊடுவழிகளை அடைத்து, இந்தப் பக்கத்துப் பேத்தியை அந்தப் பக்கத்துப் பாட்டி பார்க்க முடியாமல் செய்யத் தெரிந்தது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவு, ஊசியும் ரத்தப் பஞ்சுமாக, நெல்லை நடுக்கல்லூர் வரை லாரியில் போய்க் கொட்டப்பட்டது. வழியில் எந்தச் சாவடிக்கும் மூக்கு இல்லை. பசுமைத் தீர்ப்பாயம் அதட்டிய பிறகு கேரளமே லாரி அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போனது. போகும்போதும் சாவடி, வரும்போதும் சாவடி.

இப்போது புதிதாக டிரான்ஸ்பாண்டர். 364 கோடி ரூபாய், ஒரு லட்சம் படகுகள், 2024 ஆகஸ்டில் தொடக்கம். ஆபத்தில் பொத்தானை அமுக்கினால் கரைக்குச் செய்தி வருமாம். நல்ல கருவி. ஒக்கிக்கு ஏழு வருடம் பிந்தி வந்த நல்ல கருவி. செயற்கைக்கோள் வழியாக, படகு சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் அது எச்சரிக்கவும் செய்யும். மீனவர் எல்லை தாண்டப் பார்த்தால் அது கூவும். கடல் எல்லை தாண்டி அவர் அடுப்படிக்குள் வந்தால் கூவுகிற கருவிக்கு இன்னும் டெண்டர் விடவில்லை.