அரியணை இழந்த அண்ணன்

கேள்வி: தம்பி பிறக்கும்வரை எல்லோருக்கும் எதையும் எடுத்து நீட்டிய ஐந்து வயதுக் குழந்தை, இப்போது பொம்மை லாரியைக்கூடத் தர மறுப்பது ஏன்?

பதில்: வியன்னா உளவியலறிஞர் ஆல்ஃபிரட் அட்லர் (1870–1937) இந்நிலையை அரியணை இழப்பு என்றார், அதாவது, பெற்றோரின் கவனம் முழுவதையும் தனியாக ஆண்டுவந்த மூத்த குழந்தை, பல்லும் முளைக்காத ஒருவரிடம் ஆட்சியைப் பறிகொடுத்துவிட்டதாக உணர்வதாகும். (அட்லரும் தம்பியாகப் பிறந்தவரே.) அந்த அரசருக்கு மிஞ்சிய கடைசி மாகாணம் லாரி என்பதால், அதை அதட்டிப் பிடுங்கித் தம்பியிடம் கொடுப்பது படையெடுப்பாகவே தோன்றும். இதில் வயதுக்கும் பங்குண்டு: 2008-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வில், 3–4 வயதுக் குழந்தைகளுள் பெரும்பாலோர் தன்னலத்தோடு நடந்துகொள்ள, 7–8 வயதினருள் பெரும்பாலோர் சமப் பங்கீட்டை விரும்பினர். தம்பி கைநீட்டிக் கேட்கும் பருவம் வந்ததும், லட்டை அண்ணன் பிட, தம்பி முதலில் எடுப்பது என்று விதித்தால், பிடுகின்ற கை நகைக்கடைத் தராசையும் வென்றுவிடும். அதுவரை, யாருக்கும் தர வேண்டாத ஒரு பொருளையேனும் மூத்த குழந்தைக்கென விட்டுவைப்பது பெற்றோரின் கடமை.