மலைச்சிங்கத்தின் முன் மரியாதை கூடாது

கலிபோர்னியாவின் கூபர்டினோவில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கப் போகிறீர்கள். கொண்டுபோன ஊறுகாயும் பேச்சும் ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். பொழுது போகாமல் பக்கத்திலுள்ள ரான்சோ சான் அன்டோனியோ பூங்காவுக்கு நடக்கக் கிளம்புவீர்கள். அங்கே மலைச்சிங்கம் உண்டு. பெயரைக் கேட்டுப் பிடரியைத் தேடாதீர்கள், கிடையாது. கர்ஜிக்கவும் வராது, வீட்டுப் பூனை மாதிரி குர்குர் என்னும். ஆனால் கடுவன் 60 கிலோவைத் தாண்டும்.

இத்தனை காலம் கற்ற மரியாதையைக் காரிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். எதிரே வருபவரைக் கண்டதும் குனிந்து ஒதுங்கும் பழக்கம் இங்கே ஆபத்து. குனிந்தால் நாலுகால் பிராணி போலத் தெரிவீர்கள். மலைச்சிங்கத்தின் முக்கியச் சாப்பாடு மான். சாஷ்டாங்க நமஸ்காரத்தை நினைத்தே பார்க்காதீர்கள். அது எதிர்ப்பட்டால் கண்ணைப் பார்த்து முறையுங்கள். கையைத் தூக்கி ஆட்டுங்கள். மகன் தள்ளுபடியில் வாங்கித் தந்து, "ரெண்டு சைஸ் பெரிசுடா" என்று குறைப்பட்டீர்களே, அந்த ஜாக்கெட்டை இரு பக்கமும் விரித்துப் பிடியுங்கள். குரல்? அபார்ட்மென்ட் கூட்டத்தில் தண்ணீர்ப் பிரச்சினைக்கு எழுப்பியது போதும்.

பேரன் கூட வந்தால் அவனைத் தூக்கிக்கொள்ள வேண்டும், அதுவும் குனியாமல். ஐந்து வயதுப் பையனைக் குனியாமல் எப்படித் தூக்குவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இடுப்பு வலிக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். விளையாட்டில்லை: 2020இல் இதே பூங்காவில் ஆறு வயதுச் சிறுமி மேல் மலைச்சிங்கம் ஒன்று பாய்ந்தது. கூட வந்த பெரியவர் அதைத் தள்ளி விரட்டியதால் சிறு காயத்தோடு தப்பினாள்.

ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது பூனைப் புத்தி. முகத்தைக் காட்டியபடியே மெல்லப் பின்வாங்குங்கள். கரடியைக் கண்டு செத்தவன் போலப் படுத்த நண்பன் கதையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தப் பாடம் இங்கே செல்லாது. அது மேலே பாய்ந்தால் கைத்தடியோ கல்லோ தண்ணீர் பாட்டிலோ, கிடைத்ததைக் கொண்டு திருப்பி அடிக்க வேண்டும். கல் எடுக்கக் குனிய வேண்டாமா? எனக்கும் அதே சந்தேகம்தான். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் வீட்டிலிருந்தே இரண்டு கூழாங்கல்லைப் பாக்கெட்டில் போட்டு வருகிறார்.

ரொம்பவும் நடுங்க வேண்டாம். கலிபோர்னியாவில் 2004க்குப் பிறகு மலைச்சிங்கத்தால் ஓர் உயிர் போனது 2024இல்தான்.

நேரத்தில் மட்டும் கவனம். அது வேட்டைக்குக் கிளம்புவது பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் விடியலிலும். ஜெட்லாக்கில் மூன்று மணிக்கே விழித்து, ஐந்தரைக்கு ஷூ மாட்டும் மாமாக்கள் சரியாக அதன் டிபன் நேரத்துக்குப் போய் நிற்கிறார்கள். வெயில் வரட்டும். அதுவரை சமையலறையில் சத்தமில்லாமல் காபி போடுங்கள். மகன் ராத்திரி ஒரு மணி வரை மீட்டிங்கில் இருந்திருப்பான். அவனை எழுப்பிவிட்டீர்களானால் ஜாக்கெட்டை விரித்துக் காட்டிப் பயனில்லை.