42 பல் கௌரவம்

பணம் இல்லாத வயதில் ஏங்கிய சாமானைப் பணம் வந்த வயதில் தேடிப் போகிறவனிடம் எந்த விலையும் சொல்லலாம். பழைய ரேஸ் சைக்கிள் பாகங்களை விற்பவர்கள் இந்த ஒரு உண்மையை நம்பித்தான் கடை விரித்திருக்கிறார்கள். 1980-களில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று காம்பக்னோலோ பாகங்களைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிய தலைமுறை இப்போது ஓய்வூதியம் வாங்குகிறது. வீட்டுக் கடன் முடிந்தது, பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள், முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி கனவு சைக்கிளைச் சேர்க்காமல் வேறெப்போது சேர்ப்பது?

பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து சைக்கிள் பூட்டுவது எங்கள் கோபிப் பக்கத்தில் கேள்விப்படாத சங்கதி. சைக்கிள் முழுசாக வரும். டைனமோ வேண்டுமா, கேரியர் பெரிசா சின்னதா, சீட்டுக்குக் குஷன் கவர் போடலாமா என்று கடைக்காரர் கேட்பார். அவ்வளவுதான் தேர்வு. அப்பா வாங்கியது அம்பத்தூர் ஹெர்குலிஸ். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், செயின் முழுக்க மூடிய கவர். அதில் நெல் மூட்டை போனது, அக்கா பள்ளிக்கூடம் போனாள், பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டு நானும் போனேன். எடை என்ன என்று யாரும் கேட்டதில்லை. கனமாக இருந்தால்தான் நல்ல வண்டி.

அந்த ஹெர்குலிஸ் பிறந்த ஊருக்கே உலோகவியல் படிக்கப் போவேன் என்று அப்போது தெரியாது. 1910-இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய கம்பெனி அது. 1946-இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அதை வாங்கியது. அதே டி.ஐ.தான் 1949-இல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து மதராஸில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. ரேஸ் சைக்கிள்காரர்கள் பயபக்தியோடு பேர் சொல்லும் ரேனால்ட்ஸ் 531 குழாயும் டி.ஐ. வீட்டுப் பிள்ளைதான். 1960-இல் ராலே சைக்கிள் கம்பெனியும் உள்ளே வந்தது. 1980-இல் யூப் ஸூட்டமெல்க் டூர் டி பிரான்ஸை வென்றபோது அவருடைய அணியின் பேர் டி.ஐ.-ராலே. ஆக, நெல் மூட்டை சுமந்த சைக்கிளுக்கும் பாரிஸுக்குள் மஞ்சள் சட்டையோடு நுழைந்த சைக்கிளுக்கும் முதலாளி ஒருவரே. பர்மிங்ஹாமில் நான் சேர்ந்த சைக்கிள் கழகத்தின் பெரியவர்களிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு என் கியரைக் குனிந்து பார்த்தார்கள்.

என் கியர் சன்டூர். ஜப்பான் சாமான், மாணவன் பர்ஸுக்கு எட்டிய விலை. பேச்சு அத்தோடு நின்றது.

அந்தக் காலத்துக் கழகங்களில் காம்பக்னோலோ பூட்டியவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். இத்தாலியின் விசென்சாவில் 1933-இல் தூல்லியோ காம்பக்னோலோ ஆரம்பித்த கம்பெனி. மலைக் குளிரில் விரல் விரைத்து, சக்கரத்தின் நட்டைக் கழற்ற முடியாமல் ஒரு பந்தயத்தைக் கோட்டைவிட்டு, அந்த ஆத்திரத்தில் ஒரே நெம்பில் கழலும் சக்கர அச்சைக் கண்டுபிடித்தார் என்பது கதை. கதையில் சரக்கு எவ்வளவோ, அச்சில் குறையே இல்லை. இன்றைக்கும் சைக்கிளைக் கார் டிக்கியில் திணிக்கிற எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். அவருடைய நுவோவோ ரெக்கார்ட் கியர் 1967-இல் வந்தது. பந்தய வீரர் எடி மெர்க்ஸ் பூட்டியது. பளபளவென்று அலுமினியம், எந்தத் திருகாணியும் கழன்று விழாது, எத்தனை வருஷம் ஆனாலும் உழைக்கும். ஒன்றுதான், கியர் சரியாக மாறாது. செயினைக் கொஞ்சம் தாண்டித் தள்ளி, சத்தம் கேட்டு, திரும்பக் கொஞ்சம் இழுத்துவிட வேண்டும். இதைக் குறையாக யாரும் சொல்லமாட்டார்கள். சரியாக மாற்றத் தெரியாதது உன் கைப்பழக்கம் போதாமை.

சன்டூர் மாறும். ஏன் மாறும் என்பதற்குக் காரணம் உண்டு. பின்சக்கரத்துப் பல்சக்கரங்கள் சின்னதிலிருந்து பெரிதாகப் படிப்படியாக விரிகின்றன. பழைய கியர் செயினை நேராகப் பக்கவாட்டில் தள்ளும். அதனால் ஒரு சக்கரத்துக்கு அருகிலும் இன்னொன்றுக்கு எட்டத்திலும் நிற்கும். சன்டூரைச் செய்த மாயேடா கம்பெனியின் நோபுவோ ஒஸாகி 1964-இல் அந்த இயக்கத்தையே சாய்த்து வைத்தார். செயினைத் தள்ளும் சின்னச் சக்கரம் பல்சக்கரங்களின் சரிவை ஒட்டியே நகர்ந்தது. எந்தப் பல்சக்கரமானாலும் இடைவெளி ஏறக்குறைய ஒன்றேதான். இருபது வருஷம் காப்புரிமை இருந்த வரைக்கும் உலகம் 'ஜப்பான் மலிவுச் சாமான்' என்றது. காப்புரிமை 1980-களின் நடுவில் காலாவதியானதும் ஷிமானோ அதை எடுத்து, கிளிக் கிளிக்கென்று மாறும் லீவரோடு சேர்த்து விற்றது. பின்னால் காம்பக்னோலோவும் அதே வழிக்கு வந்தது. 1990-களில் மாயேடா காணாமல் போனது. இன்றைய பந்தய சைக்கிளில் பேட்டரியால் மாறுகிற கியரிலும் ஒஸாகியின் சாய்வு இருக்கிறது. என்னுடைய ஏழைக் கியர்தான் ஜெயித்தது என்று அந்தப் பெரியவர்களிடம் சொல்லலாம் என்றால், கேட்க அவர்கள் இல்லை.

சரி, இப்போது பட்டியலுக்கு வருவோம். கனவு சைக்கிள்காரன் ஒவ்வொருவனிடமும் ஒரு பட்டியல் உண்டு. சட்டைப்பையில் இல்லாவிட்டால் தலையில். என் பட்டியலில் நெடுநாள் முதலிடத்தில் இருந்தது காம்பக்னோலோவின் டெல்டா பிரேக். 1985-இல் வந்தது. முக்கோண வடிவம், வழுவழுவென்ற உலோகம், உள்ளே இருக்கிற நெம்புகள் வெளியே தெரியாது. வந்த வேகத்தில் திரும்பப் பெற்று, சரிசெய்து மறுபடி விட்டார்கள். அப்புறமும் மற்ற பிரேக்கை விடக் கனம், மற்ற பிரேக்கை விடப் பிடிப்புக் குறைவு. கேபிளை இறுக்க மூன்றரை மில்லிமீட்டர் ஆலன் கீ வேண்டும். சாதாரண செட்டில் அது இருக்காது. அந்தக் காலத்தில் இதைப் பூட்டியவரைப் பார்த்து, இறக்கத்தில் அவருக்குப் பின்னால் போகாதே என்று சொல்லிச் சிரித்தோம். இன்று பழைய பாகங்களின் சந்தையில் யானை விலை விற்பது இதுதான். வீட்டில் படத்தைக் காட்டினேன்.

"ஏனுங்க, இத்தனை காசுக்கு இது புடிக்குமுங்களா?"

"புடிக்காது. ஆனா பார்க்க நல்லா இருக்கும்."

"பார்க்கறதுக்கு சைக்கிள் எதுக்குங்க?"

பட்டியலில் இருந்து டெல்டா போய்விட்டது.

அடுத்தது கிராங்க். காம்பக்னோலோவின் சூப்பர் ரெக்கார்ட் கிராங்க் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. ஆனால் நான் படித்த படிப்பு சும்மா விடாது. பெடல் கை, செயின் சக்கரத்தைத் தாங்கும் ஐந்து கரங்களோடு சேருகிற இடத்தில் ஒரு கூரான மூலை இருக்கிறது. மிதிக்க மிதிக்க அழுத்தம் அங்கேதான் குவியும். பழைய கிராங்க் வாங்கினால் விற்பவர் சொல்லும் வரலாற்றைக் கேட்டுக்கொண்டே மண்ணெண்ணெயில் அந்த மூலையைக் கழுவுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு சாக்குக்கட்டிப் பொடியை மெல்லியதாகத் தூவி, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்திருந்த எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் மயிரிழை போல் ஒரு கோடு எழுதியிருக்கும். முதல் தடவை அந்தக் கோட்டை நான் காட்டியபோது விற்பவர் அசரவில்லை. "அது அதன் குணம்" என்றார். அதற்குத் தனி விலை கேட்காததுதான் பாக்கி.

இதற்கு நடுவில் வருஷக் கணக்கு வேறு. காம்பக்னோலோ கிராங்கின் பின்பக்கம் சாய்சதுரத்துக்குள் ஓர் எண் இருந்தால் 1970-கள், வட்டத்துக்குள் இருந்தால் 1980-கள். கியரின் தலையில் பேடென்ட் 78 என்று கொத்தியிருக்கும். அச்சின் நட்டிலும் வருஷம் இருக்கும். எல்லாம் ஒரே வருஷத்ததாக இருக்க வேண்டும் என்று விரதம் இருக்கிற ஆசாமிகள் உண்டு. ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பெண் பார்க்கிறவர்களுக்குக்கூட இவ்வளவு பிடிவாதம் கிடையாது. அப்படியே வருஷம் பொருந்தினாலும் மரை பொருந்தாது. கிராங்க் அச்சு உட்காரும் கப்பின் விட்டம் இத்தாலிக்காரருக்கு 36 மில்லிமீட்டர், பிரெஞ்சுக்காரருக்கு 35, ஆங்கிலேயருக்கு ஏறக்குறைய 34.8. இத்தாலியிலும் பிரான்ஸிலும் வலப்பக்கக் கப்பு வழக்கமான மரை, இங்கிலாந்தில் எதிர்மரை. அந்தக் காலத்தில் இது எங்களுக்கு வயிற்றெரிச்சல், இந்தக் காலத்தில் 'வரலாற்று நுணுக்கம்'.

துளை போடுகிற பைத்தியத்தையும் சொல்லிவிட வேண்டும். 1972-இல் மெக்சிகோ சிட்டியில் மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். கொல்னாகோ செய்து கொடுத்த அந்த சைக்கிளில் செயினில்கூட எடை குறைக்கத் துளை போட்டிருந்தார்கள். உடனே உலகமெங்கும் பையன்கள் ட்ரில்லை எடுத்துக்கொண்டு பிரேக் லீவரையும் செயின் சக்கரத்தையும் சல்லடை ஆக்கினார்கள். 'நல்ல சாமானைப் பாழாக்கிவிட்டான்' என்று கடைக்காரர்கள் அன்று அடிமாட்டு விலைக்கு எடுத்தார்கள். இன்று அதே ஓட்டை லீவருக்குத் துளையில்லாத லீவரை விட விலை கூடுதல்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த 42 பல். அந்தக் காலத்து காம்பக்னோலோ கிராங்கின் ஐந்து போல்ட்டும் 144 மில்லிமீட்டர் வட்டத்தில் உட்காருகின்றன. அந்த வட்டத்துக்கு 41 பல்லுக்குக் குறைந்த செயின் சக்கரத்தைப் பூட்ட வழியில்லை. கடையில் கிடைத்தது பெரும்பாலும் 42. பின்னால் அதிகபட்சம் 26 பல். இதை வைத்துக்கொண்டு வேல்ஸ் மலையெல்லாம் ஏறினார்கள். அதற்குக் கீழே போட்டவன் 'டூரிஸ்ட்'. அந்த வார்த்தையைச் சொல்லும்போது பெரியவர்களின் மூக்கு சுருங்கும். இருபத்திரண்டு வயதில் 42 பல் கஷ்டம், ஆனால் கௌரவம். இப்போது இருபத்திரண்டு வயதுப் பையன்கள் முன்னால் 34, பின்னால் 34 போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டபடி ஏறுகிறார்கள். அறுபத்து நாலு வயதுக்காரர்கள் 42 தேடி ஏலத்தில் அடித்துக்கொள்கிறார்கள்.

இதன் உச்சத்தைப் பார்க்க இத்தாலியில் கயோலே இன் கியாந்திக்குப் போக வேண்டும். 1997 முதல் அங்கே லெரோயிகா என்ற பழைய சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. 1987-க்கு முந்திய சைக்கிளாக இருக்க வேண்டும், கியர் லீவர் கீழ்க் குழாயில் இருக்க வேண்டும், பெடலில் தோல் வார் இருக்க வேண்டும். பாதை வெள்ளைச் சரளை மண். ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் வழியில் இருபக்கமும் சைப்ரஸ் மரங்கள். அந்த ஏற்றத்தில் கம்பளி ஜெர்சி போட்ட கனவான்கள் ஆஸ்தி விலை போகும் சூப்பர் ரெக்கார்ட் சைக்கிள்களைக் கையால் தள்ளிக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன். தோல் ஷூவின் அடியில் இருக்கும் உலோகக் கட்டை சரளையில் வழுக்குகிறது. ஆளுக்கு ஆள் சிரித்துக்கொள்கிறார்கள். அவர்களைத் தாண்டி பிரெஞ்சு டி.ஏ. கிராங்கில் 28 பல் சக்கரம் பூட்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்தபடியே ஏறிப் போனார். எங்கள் பெரியவர்கள் பார்த்திருந்தால் அவரையும் டூரிஸ்ட் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தள்ளிக்கொண்டேதான் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே என் பட்டியல் இப்போது வேறு. குழாய் 531, அதில் விவாதம் இல்லை, டி.ஐ. பாசமும் உண்டு. கிராங்க் டி.ஏ., முன்னால் 28 பல். கழற்றுவதற்கு அதற்கென்றே 23 மில்லிமீட்டர் கருவி வேண்டும், மற்றதைத் திணித்தால் மரை போய்விடும். கியர் சன்டூர் சைக்ளோன் ஜி.டி. லீவர் மட்டும் பிரெஞ்சு சிம்ப்ளெக்ஸ். அதன் வயிற்றுக்குள் இருக்கும் சுருள்வில் கேபிளின் இழுப்பைத் தாங்கிக்கொள்வதால் விரலுக்கு வேலை குறைவு. பிரேக் மாஃபாக், அலறும், ஆனால் நிற்கும். சீட் ப்ரூக்ஸ் பி17. பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெத்விக்கில் செய்த தோல் சீட். கனம் என்று நாங்கள் அன்று கழற்றி எறிந்து பிளாஸ்டிக் போட்டுக்கொண்டது அதைத்தான். சக்கர அச்சு காம்பக்னோலோ. தூல்லியோவுக்குச் சேரவேண்டிய மரியாதை அங்கே, பால்ரஸ் ஓடுகிற இடத்தில்.

டெல்டா பிரேக் வைத்திருப்பவர்கள் எனக்குக் கடிதம் போட வேண்டாம். பெட்டி பிரிக்காத சைக்ளோன் யாரிடமாவது இருந்தால் உடனே எழுதுங்கள். மலிவுச் சாமான்தானே, விலையை ஏற்றிவிடாதீர்கள்.